ரெட் ஓக் தரையின் இளஞ்சிவப்புச் சாயலைக் குறைப்பது எப்படி?

கேள்வி (கே.கே. நகர், மதுரை):
நாங்கள் அண்மையில் வாங்கிய வீட்டின் மாடி அறைகளில், முந்தைய உரிமையாளர் அமெரிக்காவிலிருந்து தருவித்த ரெட் ஓக் பலகைகளைப் பதித்திருக்கிறார். வார்னிஷ் மஞ்சளேறிக் கீறல் விழுந்திருந்ததால் ஓர் அறையை மட்டும் மிஷின் வைத்துத் தேய்த்தோம். இப்போது பலகை இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. ஈரத்துணியால் துடைத்தால் சிவப்பு இன்னும் தூக்கலாகிறது. எங்களுக்கு வேண்டியது மிதமான பழுப்பு. வெள்ளை ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) அடித்துவிடலாம் என்கிறார் ஆசாரி; ஆக்சாலிக் அமிலத்தால் கழுவச் சொல்கிறார் கடைக்காரர். இன்னும் தேய்த்தால் சிவப்பு போய்விடுமா?

மறுமொழி 1 (மரவேலை, திருமங்கலம்):
போகாது ஐயா. அந்தச் சிவப்பு பழைய வார்னிஷில் இருந்து வந்ததன்று, மரத்தின் சொந்த நிறம். எவ்வளவு ஆழம் தேய்த்தாலும் அதுவே வரும். ஈரத்துணியால் துடைத்தபோது நீங்கள் கண்ட நிறம்தான், ஏறக்குறைய, நிறமற்ற பூச்சு அடித்தபின் தெரியப்போகும் நிறம் என்பதால், அந்தச் சோதனையை நம்பலாம். எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் மேல்பூச்சு அடித்தால் அது நாளடைவில் மஞ்சளேறிச் சிவப்பையும் கூட்டிக் காட்டும். ஆகவே நீர் சார்ந்த பூச்சையே தேர்ந்தெடுங்கள்.

வெள்ளை ஸ்டெயின் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிவப்பின்மேல் வெள்ளை சேர்ந்தால் இளஞ்சிவப்புதான் மிஞ்சும். நீலம் கலந்த சாம்பல் நிறமோ ஊதாச் சாயலைக் கொண்டுவந்துவிடும். சிவப்பை அடக்குவது பச்சை. சிவப்புக் கலவாத பழுப்பு ஸ்டெயினில் மிகச் சிறிதளவு பச்சைச் சாயம் சேர்த்தால் மரத்தின் சிவப்பும் அந்தப் பச்சையும் ஒன்றையொன்று தணித்து நடுநிலையான பழுப்பு கிடைக்கும். அளவு மிஞ்சினால் தரை பாசி படிந்ததுபோல் ஆகிவிடும் என்பதால், கட்டில் மறைக்கும் மூலையில், இறுதிவரை தேய்த்து முடித்த பலகையின்மேலேயே, இரண்டு மூன்று கலவைகளைப் பூசி, மேல்பூச்சும் அடித்து, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்து முடிவு செய்யுங்கள். வேறு மரத்துண்டில் பார்ப்பது பயன்படாது.

மறுமொழி 2 (திருநகர்):
ஆக்சாலிக் அமிலம் இரும்புக் கறையையும் தண்ணீர் பட்டுக் கறுத்த இடத்தையும் எடுக்கும். மரத்தின் இயல்பு நிறத்தை அது மாற்றாது. அதை மாற்றக்கூடியது, காஸ்டிக் சோடாவும் அடர்த்தியான ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த இருபகுதி பிளீச். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் பொருள் அது. மர நாரையும் சிலிர்க்க வைக்கும். பிறகு அழுத்தித் தேய்த்தால் வெளுத்த மேற்பரப்பே போய்விடும். ஸ்டெயினால் தீரக்கூடியதற்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையின்மேல் மெல்லிய ஓக் படலமா?

கேட்டவர்:
கதவு நிலையருகே பார்த்தேன், முக்கால் அங்குல முழு மரம்தான். பூச்சு வேலையைச் சித்திரையில் வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
முழு மரம் என்பது நல்ல செய்தி. மறுபடியும் தேய்க்க இடமிருக்கிறது. ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நீர் சார்ந்த பூச்சு கை எடுப்பதற்குள் காய்ந்து, பட்டை பட்டையாகத் தடம் விழும். ஆடி கழிந்து வெப்பம் சற்றுத் தணிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்தி, வெயில் விழும் ஜன்னலை மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஸ்டெயின் முழுவதும் உலராமல் மேல்பூச்சைத் தொடங்கவே கூடாது, ஏனெனில் ரெட் ஓக்கின் திறந்த துளைகளில் தங்கிய ஸ்டெயின் பிறகு மெல்லக் கசிந்து மேலே வரும்.