அம்மப்பாவின் பழைய ஜீப்புக்கு ஆமிப் பச்சை அடிக்கலாமா?

உப்புவெளியான்:

வணக்கம். ஒரு வருடமாக ஓரத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தவன், இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறேன்.

எங்கள் அம்மப்பாவின் வளவில், மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு ஜீப் நிற்கிறது. 1990இல் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது விட்ட இடத்திலேயே நிற்கிறது. மேலே கிடுகு, கிடுகுக்கு மேலே தகரம், தகரத்துக்கு மேலே பூசணிக்கொடி. அம்மப்பா டொக்யார்டில் பிற்றராக இருந்தவர். 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன நேரம் ஏலத்தில் எடுத்தாராம். யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று இதே ஜீப் சீனக்குடா விமானத் தளத்தில் நின்றது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சின்னதுகள் அந்தக் கதையைக் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு விமானச் சத்தம் போடுவோம்.

போன மாதம் கொடியை வெட்டித் தகரத்தைத் தூக்கிப் பார்த்தேன், நினைத்த அளவுக்கு மோசமில்லை. ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் ஒன்பது பிளவு உள்ள, தகட்டை அழுத்திச் செய்த கிறில். லைற்றின் நட்டைத் தளர்த்தினால் லைற் அப்படியே பின்னால் புரண்டு எஞ்சினைப் பார்க்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று அரை மணித்தியாலம் வேறு வேலை ஒன்றும் நடக்கவில்லை. ரேடியேட்டருக்குக் கீழே செசியின் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய், ஆனால் சில போல்ட்டுகளின் தலையில் ஆங்கில எஃப் எழுத்து இருக்கிறது. சாரதி ஆசனத்துக்குக் கீழே தட்டு முழுக்க ஓட்டை. எஞ்சின் இறுகிவிட்டது. காபரேட்டரும் டிஸ்ரிபியூட்டரும் இல்லவே இல்லை, யாரோ பக்குவமாகக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். பதிவுப் புத்தகம் காணி உறுதிகளோடு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளி நிறம் மஞ்சள், அதுவும் கல்யாண வீட்டு மஞ்சள்.

இது வில்லிஸ் கொம்பனி செய்ததா போர்டு கொம்பனி செய்ததா, இறுகின எஞ்சினை எப்படி இளக்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆனால் எனக்கு உண்மையான தலையிடி நிறம்தான். பழையபடி ஒலிவ் பச்சை அடித்து, பொனற்றில் வெள்ளை நட்சத்திரம் போட்டு, யுத்தத்துக்கு வந்த கோலத்திலேயே வைக்க எனக்கு ஆசை. அம்மா ஒரே வார்த்தையில் மாட்டேன் என்றுவிட்டார். "அந்தப் பச்சையில ஒண்டு கேற்றடியில நிண்டா நான் தங்கச்சி வீட்ட போயிடுவன்" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

கிண்ணியா கராச்:

மச்சான், நிறத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் எஞ்சின். தயவுசெய்து உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்து "ஸ்டாட் வருதா பார்ப்பம்" என்று மட்டும் செய்யாதே. முப்பது வருடத்துக்கு மேல் நின்ற எஞ்சினை அப்படி இழுத்தால் கொன்ரொட் வளையும், பிஸ்டன் றிங் நொறுங்கும், அதற்குப் பிறகு என்னிடம் கொண்டுவந்தும் பிரயோசனம் இல்லை.

அது பக்கவால்வு எஞ்சின், வால்வெல்லாம் புளொக்குக்குள்ளேயே இருக்கும், ஹெட் வெறும் மூடி மாதிரி. அதனால் ஹெட்டைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை, நட்டுகளுக்குத் துருவிளக்கி அடித்து இரண்டு நாள் விட்டுப் பொறுமையாகக் கழற்று. பிஸ்டன் தெரியும். நாலு சிலிண்டருக்கும் டீசலும் ஓட்டோ கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி ஒரு கிழமை மறந்துவிடு. அதற்குப் பிறகு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டு, பிளைவீலை முன்னுக்கும் பின்னுக்கும் அசைத்துப் பார். இரும்புச் சுத்தியலால் பிஸ்டன் மேல் நேரே அடித்தாய் என்று கேள்விப்பட்டால் உனக்கு உதவ மாட்டேன். வால்வுகளும் ஒட்டியிருக்கும், அதையும் மறக்காதே. அசைந்தால் லேத்தில் அளந்து பார்க்கலாம், கொம்பனி விட்ட சிலிண்டர் உள்விட்டம் 79.4 மில்லிமீற்றர் அளவு. தேய்ந்திருந்தால் பெருப்பித்துப் பெரிய பிஸ்டன் போடலாம்.

மின்சாரம் 6 வோல்ட். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு அம்பியர் இரட்டிப்பாகும், அதற்கு 12 வோல்ட் காரின் மெல்லிய பற்றறி வயரைப் போட்டால் ஸ்டாட்டர் கிழவன் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். பிறகு "6 வோல்ட் சரியில்லை" என்று பழி. தடித்த வயர் போடு, செசியில் எர்த் பிடிக்கிற இடத்தைப் பளபளவென்று சுரண்டு.

ரயர் 6.00-16. இதே அளவு உழவு இயந்திரத்தின் முன்சில்லுக்கும் கிடைக்கும், மலிவாகவும் இருக்கும், அதை வாங்காதே, அது வயலுக்கு. இன்னொன்று, றிம்மைப் பார், இரண்டு துண்டாகச் சுற்றிவர போல்ட் போட்டிருந்தால் அது யுத்தகால றிம். காற்று முழுக்க இறக்காமல் அந்த நட்டில் ஸ்பானர் வைக்காதே, வெடித்துப் பிரியும், கை இருக்காது. ரயர் ஒட்டுகிற பெடியனிடமும் சொல்லிவிடு, அவன் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கண்டிருக்க மாட்டான்.

பெற்றோல் 92 போதும். கொம்பிறெசன் ஆறரைக்கு ஒன்று கூட இல்லை, 95 ஊற்றுவது காசுக்குப் பிடித்த கேடு.

செசி நம்பர்:

தம்பி, உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ் செய்த எம்பி என்ற மொடல். போர்டு செய்த ஜிபிடபிள்யூ மொடலில் அந்த இடத்தில் கவிழ்த்த "ப" மாதிரி மடித்த சட்டம் இருக்கும். எஃப் எழுத்து போர்டின் அடையாளம்தான், ஆனால் அதை வைத்துக் குழம்ப வேண்டாம். இரண்டு கொம்பனியும் சேர்ந்து ஏறத்தாழ 640,000 ஜீப் செய்தார்கள், ஒன்றின் சாமான் மற்றதுக்குப் பொருந்த வேண்டும் என்பதுதான் ஒப்பந்தமே. பட்டறையில் கைக்கு வந்ததைப் பூட்டியிருப்பார்கள். உறுதியாக அறிய வேண்டுமானால் முன் பம்பருக்குப் பின்னால், இடது செசிச் சட்டத்தின் உட்பக்கத்தைக் கம்பித் தூரிகையால் துலக்குங்கள். வில்லிஸ் என்றால் அங்கே ஒரு சின்னத் தகடு றிவெற் அடித்திருக்கும். போர்டு என்றால் சட்டத்தின் மேற்பக்கத்திலேயே இலக்கம் குத்தியிருக்கும்.

அடுத்தது சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. யப்பானியர் திருகோணமலையைத் தாக்கியது 1942 ஏப்ரல் 9. வில்லிஸ் எம்பி தொழிற்சாலையை விட்டு வெளியே வரத் தொடங்கியதே 1941 நவம்பரில்தான். முதல் 25,000 சொச்சம் வண்டிகளுக்குக் கிறில் தட்டையான இரும்புப் பட்டிகளை வெல்டிங் வைத்துச் செய்தது. உங்களுடைய மாதிரி அழுத்திச் செய்த ஒன்பது பிளவுக் கிறில் வில்லிஸுக்கு வந்தது 1942 மார்ச் அளவில். மார்ச்சில் அமெரிக்காவில் பூட்டின வண்டி கப்பலேறி ஏப்ரல் 9க்குச் சீனக்குடாவில் நிற்க முடியாது. கிறிலைப் பிற்காலத்தில் யாராவது மாற்றியிருந்தால் கதை வேறு, அதற்கும் செசி இலக்கம்தான் பதில் சொல்லும். அம்மப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஏலத்தில் விற்றவன் அவருக்குச் சொல்லியிருப்பான், பழைய வண்டி விற்கிறவர்கள் எந்தக் காலத்திலும் அப்படித்தான்.

தட்டைப் பற்றி ஒரு சொல். அடியில் தொப்பி வடிவில் மடித்த தகட்டுச் சட்டங்கள் ஓடும், அதற்குள்ளே மரம் வைத்திருப்பார்கள். அந்த மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே கறள் பிடிக்க வைக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. பெற்றோல் ராங்க் சாரதிக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இருப்பதால் அங்கேயும் தண்ணீர் தேங்கும், உங்கள் ஓட்டைக்குக் காரணம் அதுதான். மேலே மட்டும் தகடு ஒட்டினால் வாடைக்காற்று ஒரு மாரி அடித்ததும் பழையபடி வந்துவிடும். சட்டத்தைப் பிரித்து, பழைய மரத்தை எடுத்து எறிந்துவிட்டு, தண்ணீர் வடிய வழி விட்டு வெல்டிங் வையுங்கள்.

நிறத்துக்கு என் கருத்து: பச்சையா இல்லையா என்று முடிவு செய்யுமுன் அந்த வண்டியிடமே கேளுங்கள். டாஷ்போட்டின் பின்புறம், ராங்குக்குக் கீழ் என்று வெயில் படாத இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேயுங்கள். மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு பெயின்ட்டும் ஒவ்வொரு வட்டமாக வரும். கடற்படையிடம் இருந்த வண்டி என்றால் எல்லோரும் அடிக்கிற பச்சைதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அப்புறம் அந்த நட்சத்திரம். எந்தப் படைப்பிரிவில் இருந்தது என்று தெரியாத வண்டிக்குக் கற்பனையில் குறியும் இலக்கமும் எழுதுவது எனக்குப் பிடிக்காது, அது அலங்காரம், மீட்டெடுப்பு அல்ல.

தேம்ஸ் கரை:

நான் பாலையூற்றில் பிறந்து இப்போது இங்கிலாந்தில் இருக்கிறவன். பழைய யுத்த வண்டிகளைத் திருத்தி ஓட்டுவது இங்கே பெரிய பொழுதுபோக்கு. கோடை வந்தால் வயல்வெளியில் நூற்றுக்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். போவிங்டன் என்ற இடத்தில் டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது, 1943இல் துனீசியாவில் ஜேர்மன்காரரிடமிருந்து பிடித்த டைகர் 131 என்ற டாங்கியை இன்றைக்கும் ஓட்டிக் காட்டுகிறார்கள். என் மகன் ஐஸ்கிறீமைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றான்.

அம்மாவையும் ஒருமுறை கூட்டிப்போனோம். எஞ்சின் சத்தம் கேட்டதும் அவர் பேரனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கே திரும்பிவிட்டார். இங்கே இருக்கிறவர்களுக்கு அது தாத்தா போன யுத்தம், வென்று முடித்த கதை. எங்கள் அம்மாவுக்கு அப்படி இல்லையே. உப்புவெளியான், நீங்கள் வண்டியைத் திருத்துங்கள், கட்டாயம் திருத்துங்கள். ஆனால் அம்மாவை மாற்ற வெளிக்கிட வேண்டாம்.

நிலாவெளி றோட்டு:

நான் ஜீப் பற்றி ஒன்றும் அறியேன், என்னவர் இங்கே வாசிப்பார், அவருடைய கணக்கில் எழுதுகிறேன். உங்கள் கேற்றடி றோட்டோரமாக இருந்தால் அம்மா மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்களும் அந்தப் பச்சையைக் காலையில் எழும்பிக் காண வேண்டும். எனக்குப் பதினாறு வயதில் ஒவ்வொரு நாளும் ரியூசனுக்குப் போக மூன்று செக்பொயின்ற் கடக்க வேண்டும், சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பச்சை வண்டி ஒன்று பின்னால் மெதுவாக வந்தால் முதுகு தானாகக் குளிரும். இப்போதும் குளிரும், அதற்கு நான் என்ன செய்ய?

அதோடு, நீங்கள் ஆசைக்கு அடிப்பது சரி, அதை றோட்டில் ஓட்டும்போது மறித்து விசாரித்தால் ஒவ்வொரு தடவையும் நின்று 1942 கதை சொல்லுவீர்களா? பதிவுப் புத்தகத்தில் எந்த நிறம் என்று எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

செசி நம்பர்:

அக்கா சொல்வது நியாயம். நான் இரும்பை மட்டும் பார்த்துப் பேசிவிட்டேன்.

உப்புவெளியான்:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு கிழமை கழித்து வருகிறேன், பல விசயம் நடந்துவிட்டது.

முதலாவது, செசித் தகடு கிடைத்தது, வில்லிஸேதான். செசி நம்பர் அண்ணா தனிமடலில் பார்த்துச் சொன்னபடி 1943 வண்டி. ஆகவே சீனக்குடாக் கதை போயிற்று. மாமா இன்னும் நம்பவில்லை, தகடுதான் பொய் என்கிறார்.

இரண்டாவது, கிண்ணியா கராச் நானா சொன்ன கலவை வேலை செய்தது. ஒன்பதாம் நாள் பிளைவீல் ஒரு விரலளவு அசைந்தது. நான் போட்ட கூச்சலில் மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது.

மூன்றாவது, டாஷ்போட்டின் பின்னால் தேய்த்தேன். மேலே மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு, பிறகு வெள்ளை, பிறகு ஒரு நீலச் சாம்பல், எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை. அந்த வட்டத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தார். மஞ்சள் 1985இல் அடித்ததாம், மீன்பிடி வள்ளத்துக்கு வாங்கின பெயின்ட் மிச்சம். தூரத்தில் பார்க்கிற எவனும் இதை ஆமி ஜீப் என்று நினைத்துவிடக் கூடாது, ஆமிக்காரனும் இதைத் தன்னுடையது என்று நினைத்துவிடக் கூடாது என்று அம்மப்பா இரவோடு இரவாகத் தூரிகையால் அடித்தாராம். தூரிகைக் கோடு இன்னும் தெரிகிறது. ஏதோ மலிவு பெயின்ட் என்று அதை நான் சுரண்டி எறிய இருந்தேன்.

ஆகவே பச்சை இல்லை, நட்சத்திரமும் இல்லை. உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கு மட்டும் பழைய பச்சை, அதற்கு அம்மா சம்மதம். வெளியே மஞ்சளா அந்த நீலச் சாம்பலா என்று இன்னும் வீட்டில் சண்டை நடக்கிறது.

காபரேட்டர் விசயமும் வெளியே வந்தது. யார் வந்து வண்டி வேண்டும் என்று கேட்டாலும் ஓடாத வண்டியைக் கொண்டுபோக மாட்டார்கள் என்று அம்மப்பா தானே அதையும் டிஸ்ரிபியூட்டரையும் கழற்றி, கிறீஸ் பூசி, பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து வளவுக்குள் புதைத்தாராம். வேம்படி என்கிறார் அம்மா. கிணற்றடி என்கிறார் மாமா. வளவு ஒரு ஏக்கர். யாரிடமாவது இரும்பு கண்டுபிடிக்கிற மெசின் இருக்கிறதா, இரண்டு நாளைக்கு இரவல் கிடைக்குமா?

கிண்ணியா கராச்:

மச்சான், அந்த மெசினைக் கையில் எடுத்தாய் என்றால் புதையல் தோண்ட வந்தவன் என்று பொலிஸ் அள்ளிக்கொண்டு போகும், பேப்பரில் படமும் வரும். கிராம சேவகரிடம் சொல்லிவிட்டு, பட்டப்பகலில், மாமாவையும் கதிரை போட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வேம்படியில் சின்ன மண்வெட்டியால் மேலாகச் சுரண்டிப் பார். பிஸ்கற் ரின் தவிர வேறு ஏதாவது இரும்பு உருண்டையாகத் தட்டுப்பட்டால் தொடாதே, அப்படியே விட்டுவிட்டுத் தள்ளிப்போய்ப் பொலிசுக்குச் சொல், திருகோணமலை மண் அது.

ரின் கிடைத்தாலும் உள்ளே இருக்கிற காபரேட்டர் உதவாது, சொல்லிவிட்டேன். இருந்தாலும் கொண்டு வா, பார்ப்போம். 2009இல் கிண்ணியாப் பாலம் வருமுன் என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றுகிற பாதைப் படகுக்கு அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும், இப்போது என்ன, வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வரலாம்.