தியானத்தில் கிடைக்கும் அமைதி அலுவலகத்தில் நிலைக்காதது ஏன்?

கேள்வி:
வணக்கம். காலையில் பௌத்த முறைப்படி மூச்சைக் கவனித்து அமரும்போது மனம் ஓரளவு அடங்குகிறது. ஆனால் அலுவலகத்தில் கடுமையான ஒரு மின்னஞ்சலைப் படித்தவுடன் அந்த அமைதி இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. நாள் முழுவதும் விழிப்போடு இருக்க வழி உண்டா?

மறுமொழி 1:
அமர்ந்து செய்வது மட்டுமே தியானம் அன்று. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாளி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 10ஆவது சூத்திரமான (உரையான) சதிபட்டான சூத்திரம் மூச்சில் தொடங்கினாலும் அதோடு நின்றுவிடாமல், நடப்பது, கையை மடக்கி நீட்டுவது, உண்பது, பேசுவது, மௌனமாக இருப்பது என அனைத்தையும் தெளிந்த அறிவோடு செய்யச் சொல்கிறது. படியேறும்போது பாதம் படியில் பதிவதைக் கவனித்துப் பழகுங்கள்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன். எனினும் மின்னஞ்சலைப் பொறுத்தவரை, அதே சூத்திரம் உடலுக்கு அடுத்ததாகக் கூறும் உணர்ச்சிகளைக் கவனிப்பதே கூடுதலாக உதவும் என்பது என் கருத்து. மின்னஞ்சலின் கடுமையான வரியைப் படித்ததும் தாடை இறுகும், மார்பில் சூடு பரவும், அதன் பிறகே விரல்கள் பதில் எழுதத் துடிக்கும். தாடை இறுகும்போதே 'இது துன்ப உணர்ச்சி' என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு, சில மூச்சுகள் வரை விசைப்பலகையைத் தொடாமல் இருங்கள். கோபத்தை அடக்க வேண்டியதில்லை. வெறுப்புள்ள மனத்தை வெறுப்புள்ள மனம் என்று அறிவதையே சூத்திரமும் கேட்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பதிலை அனுப்பிய பிறகுதான் கோபமே தெரிகிறது என்றால் என்ன செய்வது?

மறுமொழி 2:
அப்போதும் உடலில் எஞ்சியிருக்கும் படபடப்பைக் கவனியுங்கள். உங்களையே கடிந்துகொள்ளத் தோன்றினால், அந்த எண்ணத்தையும் அவ்வாறே கவனியுங்கள்.