ஒடியா, இந்தி தெரிஞ்சவங்க உதவி வேணுங்க

வணக்கமுங்க. திருப்பூர்ல காலேஜ் மூணாம் வருசம் படிக்கிறேன். காசு, பாஷை, ஊர் பார்த்து யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாதுன்னு நாங்க பதினாலு பேர் ஒரு குழு நடத்துறோம்.

முதல்ல எடுத்துப் படிச்சது பெடாகுயிலின் விஷயம். சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான மாத்திரை அது. அதன் காப்புரிமையை, அதாவது ஒரே கம்பெனி மட்டும் தயாரிக்கிற உரிமையை, நீட்டிக்கக் கூடாதுன்னு, நோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமெசா டிசிலேயும் ஆட்சேபம் தெரிவிச்சாங்க. 2023 மார்ச்சுல நம்ம காப்புரிமை அலுவலகம் நீட்டிக்கச் சொல்லி கம்பெனி போட்ட விண்ணப்பத்தை நிராகரிச்சுது. ரெண்டு நோயாளிங்க சாதிச்சது! அதைப் படிச்சுட்டு எங்களால சும்மா இருக்க முடியலைங்க.

பக்கத்து லைன் வீட்டுல ஒடிசா தம்பி ஒருத்தர், பனியன் கம்பெனியில ஓவர்லாக் அடிக்கிறார். காசநோய் மாத்திரை அட்டையைத் தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தார். ஆறு மாசம் சாப்பிடணும். இருமல் நின்னதும் ரெண்டாம் மாசமே விட்டுட்டார். பாதியில விட்டா நோய் மருந்துக்கு அடங்காமப் போயிரும்னு அவர் பாஷையில யாரும் சொல்லலை. சிகிச்சை முடியற வரைக்கும் சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாய் அரசு தரும்னும் தெரியலை.

அதனால, ஒடியாவோ இந்தியோ நல்லாப் பேசறவங்க இதையெல்லாம் சொல்லி ரெண்டு நிமிச ஆடியோ பேசித் தருவீங்களா? ஆடியோவுக்கு எழுதினதை டாக்டர் ஒருத்தர் சரிபார்த்துத் தரணும். கம்பெனி வெச்சிருக்கிற அண்ணன்மாருங்க, சனிக்கிழமை சம்பளம் போடற நேரத்துல கால்மணி நேரம் பேச விடுங்க. யார் பேரையும் கேட்க மாட்டோம். முடிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க, நானே கூப்பிடறேன்.