தண்ணீர்மலை ஏற வேண்டுமாம்: ஃபான்டான் பிள்ளைகளின் பெற்றோர் உதவ வேண்டும்

வணக்கம். என் மகளுக்கு வயது 11. ஒற்றைக் கீழறை இதயம், அதாவது இரண்டுக்குப் பதில் ஒரு கீழறைதான் சரியாக வேலை செய்கிறது. ஃபான்டான் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சிகிச்சைக்குப் பிறகு, உடலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்துக்குள் நுழையாமல் நேரே நுரையீரலுக்குப் போகிறது. தள்ளிவிட ஆளில்லாத ஓட்டம்; மூச்சிழுப்பும் கால் தசைகளும்தான் துணை. நீர்ச்சத்து குறைந்தால் அதுவும் மந்தம்.

தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறுவேன் என்று அடம் பிடிக்கிறாள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், பினாங்கு வெயில் வேறு! நேற்று நான்கு மாடி ஏறியதற்கே விரலில் மாட்டிய கருவி இரத்த ஆக்சிஜன் 89% என்று காட்டியது, உட்கார்ந்ததும் 93%.

மருத்துவர் சம்மதிக்காமல் ஏற்ற மாட்டேன். அடுத்த வாரம் பார்க்கிறோம். உங்கள் பிள்ளைகள் ஏறியிருக்கிறார்களா? எத்தனை படிக்கு ஒருமுறை உட்கார வைத்தீர்கள்? உடற்பயிற்சிச் சோதனை கேட்கலாமா?