பிரேக் முடிந்ததும் புஷ் அவுட்: உங்கள் மேசையில் நடந்தது என்ன?

அல்சூர் இடதுகை

பெங்களூரு இந்திராநகரில் ஞாயிறு ராத்திரி நைன்-பால் ஆடுகிறோம். மேசையில் இருப்பதிலேயே சின்ன எண் பந்தை வெள்ளை முதலில் தொட வேண்டும், 9-ஐப் போட்டவர் ஜெயிப்பார், அப்படியொரு பூல் ஆட்டம். எனக்கு எதிரே மர்ஃபி டவுன் அண்ணன் ஒருவர். என் பிரேக்கில், அதாவது பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியில், இரண்டு பந்து விழுந்தது, ஆனால் 1-ஆம் பந்து 6-க்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பிரேக்குக்கு அடுத்த ஷாட்டில் மட்டும், எந்தப் பந்தையும் தொடாமல்கூட வெள்ளையை நகர்த்திவைக்கலாம்; அதுதான் புஷ் அவுட். "அண்ணே, புஷ் அவுட்" என்று சொல்லிவிட்டு, ஜம்ப் அடித்தால் (வெள்ளையைக் குறுக்கே நிற்கும் பந்துக்கு மேலே எகிறவைத்தால்) மட்டுமே 1 கிடைக்கிற இடத்தில் வெள்ளையை நிறுத்தினேன். எனக்கு ஜம்ப் வராது. அவருக்கும் வராது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவர் பையிலிருந்து ஜம்ப் க்யூவை, அதாவது ஜம்ப் அடிக்கிற குட்டைக் கோலை, எடுத்தார். 1 உள்ளே போனது, அப்புறம் வரிசையாக 9 வரைக்கும் துடைத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் விளங்கியது. புஷ் அவுட்டுக்குப் பிறகு யார் ஆடுவது என்று முடிவு செய்பவர் எதிராளி. அவர் ஆடலாம், நம்மையே ஆட வைக்கலாம். அதனால் ரொம்பக் கஷ்டமாக வைத்தால் அது நம் தலையில்தான் விழும், சுலபமாக வைத்தால் அவர் போட்டுவிடுவார். நமக்கு எழுபது சதவீதம் வந்து அவருக்கு நாற்பதுதான் வரும் என்கிற மாதிரி ஒரு ஷாட்டைத் தேட வேண்டும்.

அடுத்த வாரம் அதே அண்ணன். நான் இடதுகைக்காரன், அவர் வலதுகை. ரெஸ்ட் (எட்டாத பந்தை அடிக்க க்யூவைத் தாங்கும் கோல்) வைத்து அடிப்பது அவருக்குப் பிடிக்காது என்று இரண்டு ஆட்டமாகக் கவனித்து வைத்திருந்தேன். வெள்ளையை வலப்பக்க ரெயிலிலிருந்து (மேசையின் ஓரத் திண்டு) ஒரு சாண் தள்ளி, மேசையின் பாதியைத் தாண்டி மெதுவாக உருட்டி நிறுத்தினேன். தூரத்து மூலைக்கு 1 நன்றாகத் தெரிகிறது. அந்த ஓரத்தில் நின்று நான் சாய்ந்தாலே எட்டிவிடும். அவர் ரெஸ்ட்டைத்தான் எடுக்க வேண்டும். மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தார், க்யூ நுனியில் சாக்பீஸ் தேய்த்தார், குனிந்து பார்த்தார். பிறகு "நீயே ஆடு தம்பி" என்றார். போட்டேன்.

சிவாஜிநகர்

"புஷ் அவுட்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், அது முக்கியம். நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டு உருட்டினேன், வெள்ளை எந்தப் பந்தையும் தொடவில்லை. ஃபவுல் என்றார்கள், அது சரிதான். பால்-இன்-ஹேண்ட், அதாவது வெள்ளையை விரும்பிய இடத்தில் வைத்து ஆடும் உரிமை, எதிராளிக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் சொல்லிவிட்டு, எதிராளி தலையசைக்கும்வரை க்யூவை அசைப்பதில்லை.

பழைய ஸ்னூக்கர் ஆள்

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் உலக சாம்பியன் பங்கஜ் அத்வானியின் ஊர் இது, எங்களில் பாதிப் பேர் ஸ்னூக்கரிலிருந்து வந்தவர்கள். அங்கே புஷ் ஸ்ட்ரோக் (க்யூவை வெள்ளையிலிருந்து எடுக்காமல் தள்ளுவது) என்றாலே ஃபவுல் என்பதால் இந்தப் பெயரைக் கேட்டு நானும் ஆரம்பத்தில் தயங்கினேன். இது வேறு: பிரேக்குக்கு அடுத்த ஒரே ஷாட்டில் மட்டும், பந்தையோ ரெயிலையோ தொட வேண்டிய கட்டாயம் கிடையாது. வெள்ளை குழியில் விழுந்தால் வழக்கம்போல ஃபவுல்தான். 9 விழுந்தால் திரும்ப மேசைக்கு வரும், மற்ற பந்துகள் விழுந்தது விழுந்ததுதான்.

இதில் ஒரு வசதி உண்டு. போன மாதம் 1 தெரியவில்லை, 2-ஆம் பந்து மட்டும் தனியாகச் சுலபமான இடத்தில் நின்றது. புஷ் அவுட்டில் அந்த 2-ஐ 7-ஓடு ஒட்டிப் போய் நிற்கும்படி தள்ளினேன். எதிராளி 1-ஐப் போட்டார், 2-க்கு வழி கிடைக்காமல் சேஃப்டி (எனக்குச் சுலப ஷாட் கிடைக்காதபடி வெள்ளையை விடுவது) ஆடினார். அந்த ஆட்டம் கால் மணி நேரம் இழுத்தது, கடைசியில் 9 எனக்கு விழுந்தது. இப்படிப் பந்துகளை ஒட்டவைத்து வேறு யாராவது ஆடியிருக்கிறீர்களா?