முதன்முறையாக முதல் வகுப்பில் சென்னை – துபாய் – நியூயார்க்: எங்களைப் போன்றவர்கள் என்ன எதிர்பார்க்கலாம்?

குடந்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்று கும்பகோணத்தில் வசிக்கும் 69 வயதுக்காரன். எங்கள் மகள் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரில் இருக்கிறாள். வரும் சித்திரையில் நானும் என் மனைவியும் அவளிடம் சென்று நான்கு மாதம் தங்கவிருக்கிறோம். இதற்குமுன் இரண்டு முறை சென்றபோதும் எகானமி வகுப்பில்தான் சென்றோம். சென்ற முறை இறங்கியபோது என் மனைவியின் கால்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. விமான நிலையத்தில் அதைப் பார்த்து அழுத மகள், இந்த முறை எங்களைக் கேட்காமலேயே எமிரேட்ஸ் விமானத்தில் முதல் வகுப்புக்குப் பதிவு செய்துவிட்டாள். சென்னையிலிருந்து துபாய் வரை போயிங் 777, அங்கிருந்து நியூயார்க் வரை ஏர்பஸ் ஏ380 என்று பயணச்சீட்டில் இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து ராலேவுக்கு உள்நாட்டு விமானம். அதிலும் ‘ஃபர்ஸ்ட்’ என்றே போட்டிருக்கிறது.

மகள் செலவழித்த தொகையை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. அதனாலேயே, அவள் எங்களுக்கென்று வாங்கிக் கொடுத்ததை அறியாமையால் வீணாக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவ உணவுக்காரர்கள். மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவருக்கு ஆங்கிலம் பேசிப் பழக்கமில்லை. நான் வேட்டி கட்டுபவன். உடை, உணவு, பணியாளர்களுக்கு அன்பளிப்பு, விமானத்திலேயே குளிக்கலாம் என்று சொல்கிறார்களே அது, இவை பற்றி அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

தேம்ஸ்கரையான் எழுதியது:

வணக்கம் ஐயா. 2019இல் என் அம்மாவைத் துபாயிலிருந்து லண்டனுக்கு இதே ஏ380இல் முதல் வகுப்பில் அழைத்துச் சென்றேன். அன்று பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் உடையைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். அங்கே உடைக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. தூய்மையான வேட்டி சட்டையோடு தாராளமாகச் செல்லலாம். இரவு உறங்குவதற்கென்று தளர்வான மேல்சட்டையும் கால்சட்டையும் காலணியும் கொடுப்பார்கள். அவற்றையும், சோப்பு, தைலம் வைத்த சிறு பையையும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். போர்வையும் மெத்தையும் அவர்களுடையவை. பணியாளர்களுக்கு அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் விமானத்தில் இல்லை. கொடுத்தால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. நம் வீடுகளில் யாராவது உபசரித்தால் முதலில் ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்போம். அவர்கள் மறுபடியும் வற்புறுத்துவார்கள். மூன்றாவது முறை ‘சரி, கொஞ்சம்’ என்று வாங்கிக்கொள்வோம். விமானத்தில் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். உங்கள் ஓய்வைக் கெடுக்கக் கூடாது என்ற மரியாதையால் மறுபடி கேட்க மாட்டார்கள். ஏறியதும் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் அரபுக் காப்பியும் ஏந்திக்கொண்டு ஒரு பெண் வந்தார். அம்மா கை அசைத்து மறுத்தார். பழச்சாற்றையும் மறுத்தார். உணவுப் பட்டியலைக் கொண்டுவந்தபோது, வீட்டில் சாப்பிட்டுவிட்டேன் என்று என்னிடம் சொல்லச் சொன்னார். நான் தூங்கி எழுந்து பார்த்தபோது மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா கைப்பையிலிருந்த மாரி பிஸ்கட்டைச் சத்தமில்லாமல் உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். பசிக்கிறதென்று சொல்ல வேண்டியதுதானே என்றேன். ‘அதான் வேண்டாம்னு சொல்லிட்டேனே, இனிமே எப்படிக் கேக்கிறது’ என்றார். பிறகு நான் போய்ச் சொன்னதும் பத்து நிமிடத்தில் வெள்ளைத் துணி விரித்துச் சுடச்சுடப் பரிமாறினார்கள். முதல் வகுப்பில் உணவுக்கென்று நேரம் ஒதுக்குவதில்லை. நீங்கள் கேட்கும் நேரந்தான் உணவு நேரம். உங்கள் மனைவி மாத்திரை போடும் வேளைக்கு ஏற்றாற்போல் சாப்பிடலாம். சர்க்கரை நோயாளிக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

ஆகவே எது கேட்டாலும் ‘சரி’ என்று சொல்லுங்கள் ஐயா. பிடிக்கவில்லையென்றால் பிறகு வைத்துவிடலாம்.

வான்பணி எழுதியது:

மதிப்புக்குரிய ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். வளைகுடா நாடொன்றின் விமான நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் பணிப்பெண்ணாக இருந்தேன். கடைசி நான்கு ஆண்டுகள் முதல் வகுப்பில். தேம்ஸ்கரையான் சொன்னது முற்றிலும் உண்மை. நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் எங்களை அழைக்கும் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தாமல் பயணத்தை முடித்துவிட்டு, இறங்கும்போது ‘உனக்குத் தொந்தரவு கொடுக்கலைம்மா’ என்று பெருமையோடு சொல்வார்கள். எனக்கு அது வருத்தமாகவே இருக்கும். அந்தப் பகுதியில் பயணிகளே பத்துப் பதினான்கு பேர்தான். அவர்களுக்கென்றே எங்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் பயணத்துக்குத் தேவையானதைச் சொல்கிறேன். எமிரேட்ஸின் ஏ380இல் மேல்தளத்தின் முன்பகுதியில் 14 தனியறைகள் உண்டு. 777இல் பெரும்பாலும் 8. ஒவ்வொன்றுக்கும் இழுத்து மூடும் கதவு உண்டு. விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் கதவு திறந்தேதான் இருக்க வேண்டும்; பிறகு மூடிக்கொள்ளலாம். சன்னலோரத்தில் ஆளுக்கொன்றாகப் பதிவு செய்திருந்தால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டிரண்டாக உள்ள இருக்கைகளில் இடையே இருக்கும் தடுப்பை இறக்கிவிடலாம். கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு செல்ல அதுவே ஏற்றது. அம்மாவுக்கு ஆங்கிலம் பழக்கமில்லையென்றால் இது இன்னும் அவசியம். பணியாளர்களில் தமிழ் தெரிந்தவர் யாரேனும் உண்டா என்று ஏறும்போதே கேளுங்கள். பல நாட்டவர் கலந்த குழு என்பதால் சில நேரம் வேறு வகுப்பிலிருந்துகூட ஒருவரை அழைத்துவருவார்கள்.

உணவுக்கு வருகிறேன். பட்டியலில் சைவம் இருக்கும் என்று நம்பிச் செல்லாதீர்கள். அது முட்டை கலந்த மேல்நாட்டுச் சைவமாக இருக்கலாம். புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே ‘ஏ.வி.எம்.எல்’ என்ற குறியீட்டில் இந்தியச் சைவ உணவைப் பதிவு செய்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் வேண்டாமென்றால் ‘வி.ஜே.எம்.எல்’ என்ற ஜைன உணவு. இரண்டு விமானங்களுக்கும் பதிவாகியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் மட்டும் பதிவாகி, மற்றொன்றில் பழத்தட்டோடு பசியாறிய பயணிகளை நான் பார்த்திருக்கிறேன். உயரத்தில் காற்று வறண்டிருப்பதாலும் அழுத்தம் குறைவதாலும் உப்பும் இனிப்பும் நாக்கில் சற்று மங்கலாகவே தெரியும்; உணவு சப்பென்று இருந்தால் சமையலின் குறை என்று எண்ண வேண்டாம். அங்கே தண்ணீர் 92 முதல் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே கும்பகோணத்து டிகிரி காப்பியின் சுவையை எதிர்பார்த்துவிடாதீர்கள்.

குளியல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது ஏ380இல் மட்டுமே உண்டு; முதல் வகுப்புக்கென்று இரண்டு குளியலறைகள். ஏறியதும் பணிப்பெண்ணே வந்து எந்த நேரம் வேண்டுமென்று கேட்பார். இறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாகச் சொல்லுங்கள். அறை உங்களுக்கு அரை மணி நேரம். ஆனால் தண்ணீர் ஓடுவது மொத்தம் ஐந்து நிமிடம். அதை ஒரே மூச்சில் செலவழிக்கத் தேவையில்லை: உடலை நனைத்ததும் நிறுத்தி, நிதானமாகச் சோப்புப் போட்டு, மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து நேரம் ஓடும். எவ்வளவு மீதி என்பதை விளக்கு காட்டும். இதைக் கவனிக்காமல் தலை முழுக்க நுரையோடு அழைப்புப் பொத்தானை அழுத்தியவர்கள் உண்டு. அம்மா தலைக்குக் குளிக்க வேண்டாம். நீண்ட கூந்தலை அலச அந்தத் தண்ணீர் போதாது. கால் வைக்கும் தரை இதமான சூட்டில் இருக்கும். விமானம் குலுங்கினால் அங்கேயே அமர்ந்து சீட் பெல்ட் போட்டுக்கொள்ள வசதி உண்டு, பயப்பட வேண்டாம். வழக்கமான கழிப்பறையில் நம் வீட்டைப்போல் கைக்குழாய் இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு சிறு காலிப் புட்டி கையில் இருந்தால் நிம்மதி.

உறங்க வேண்டுமென்று சொன்னால் இருக்கையைச் சமப்படுத்தி, மெத்தை விரித்துக் கொடுப்பார்கள். சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போட்டிருந்தால், குலுக்கலின்போது போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க எழுப்ப வேண்டிவரும். எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தந்த வேலை அதுதான்.

படுத்தே சென்றாலும் கால் வீக்கம் அறவே வராது என்று சொல்ல முடியாது. துபாயிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 14 மணி நேரம். இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். மேல்தளத்தின் பின்கோடியில் பயணிகள் நின்று பேசும் கூடம் இருக்கிறது. அதுவரை போய்வந்தால் நல்ல நடை. இன்சுலின் இருந்தால் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு வையுங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுவிடலாம்.

சிங்கைத்தமிழன் எழுதியது:

மேலே உள்ளவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். விடுபட்ட மூன்றை மட்டும் சேர்க்கிறேன்.

ஒன்று, பயணச்சீட்டில் ஏ380 என்று இருந்தாலும் கடைசி நேரத்தில் 777 வந்து நிற்பதுண்டு. அப்போது குளியலும் கூடமும் இல்லை. ஒரு வாரம் முன்பும், முந்தைய நாளும் சரிபாருங்கள்.

இரண்டு, ராலே வரையிலான ‘ஃபர்ஸ்ட்’ வேறு வகை. அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் அந்தச் சொல்லுக்குப் பொதுவாக முன்வரிசையில் இரண்டிரண்டாகப் போட்ட அகலமான இருக்கை என்றுதான் பொருள். அறையும் இல்லை, படுக்கையும் இல்லை. ராலேவுக்குப் போவது ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணந்தான் என்பதால் அது குறையாகத் தோன்றாது. ஆனால் அந்தச் சிறு விமானத்தில் சைவ உணவு கிடைக்குமென்று நம்ப வேண்டாம்.

மூன்று, எந்த வகுப்பில் வந்தாலும் நியூயார்க்கில் குடிநுழைவுச் சோதனைக்கு எல்லோரோடும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். பெட்டிகளையும் அங்கேயே எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, மறுபடி ராலேவுக்கு ஒப்படைக்க வேண்டும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று சென்னை, துபாய், நியூயார்க் மூன்றுக்கும் இப்போதே பதிவு செய்யுங்கள். முதல் வகுப்புப் பயணச்சீட்டோடு அது தானாக வருவதில்லை. துபாயில் முனையம் 3இன் ‘ஏ’ பகுதியிலிருந்து புறப்பட்டால், ஒரு தளம் முழுவதும் முதல் வகுப்புக்கான ஓய்வுக்கூடம். அங்கிருந்தே விமானத்துக்கு ஏற வழி உண்டு. இத்தகைய கூடங்களில் பெரும்பாலும் புறப்பாட்டை ஒலிபெருக்கியில் அறிவிப்பதில்லை. சாப்பிட உட்காரும்போதே பணியாளரிடம் போர்டிங் பாஸைக் காட்டி, நேரம் வந்ததும் அழைக்கச் சொல்லிவிடுங்கள்.

குடந்தைவாசி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று காலை மகளை அழைத்து இருக்கைகளைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு விமானங்களிலும் எங்களை வெவ்வேறு சன்னலோரங்களில்தான் போட்டிருந்தாள். ஆளுக்கொரு சன்னல் இருந்தால் நல்லதென்று நினைத்தாளாம். நடு இருக்கைகளுக்கு மாற்றிவிட்டாள். உணவும் சக்கர நாற்காலியும் பதிவாகிவிட்டன. சென்னை–துபாய் விமானத்துக்கு உணவு பதிவாகாமல் விடுபட்டிருந்ததை வான்பணி அம்மையார் எழுதியதால்தான் கண்டுபிடித்தோம்.

இவை அனைத்தையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மாரி பிஸ்கட் இடத்தில் சிரித்தவர், பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘நானும் அப்படித்தான் பண்ணியிருப்பேன்’ என்றார். அவர் ஒன்று கேட்கச் சொன்னார்: வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போனால் விமானத்தில் சாப்பிட அனுமதிப்பார்களா, அதை அவமதிப்பாக எண்ணுவார்களா?

வான்பணி எழுதியது:

தாராளமாகச் சாப்பிடலாம் அம்மா. அவமதிப்பாக யாரும் எண்ண மாட்டார்கள். தட்டும் கரண்டியும் கேளுங்கள், துணி விரித்து அழகாக வைத்துத் தருவார்கள். ஆனால் வீட்டிலிருந்து வந்த உணவைச் சூடாக்கித் தரமாட்டார்கள். புளியோதரைக்கு அது தேவையும் இல்லை. சென்னை–துபாய் விமானத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மீதமிருந்தால் நியூயார்க்கில் இறங்குமுன் அதையும் பழங்களையும் பணிப்பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். கறிவேப்பிலை, பழம் போன்றவற்றோடு சுங்கச் சோதனைக்குப் போனால் வீண் தாமதம்.