பாளையங்கோட்டையிலிருந்து மூணு நாள் பைக் டூர்: கோயில் ஊர்களும் கடற்கரையும், எந்தப் பக்கமா சுத்துறது?

பாளை_புல்லட் (கேள்வி)

வெளியூர் ஆட்கள் 8 பேரை பைக்கில் கூட்டிட்டுப் போய்க் காட்டுற ஏற்பாடு. ஆறு பேர் சென்னை, பெங்களூர். ரெண்டு பேர் வெளிநாடு. முன்னால வழிகாட்டி, கடைசியில மெக்கானிக், ஆக மொத்தம் 10 வண்டி. எல்லாம் ராயல் என்ஃபீல்டு: பெரும்பாலும் கிளாசிக் 350, ரெண்டு ஹிமாலயன். ஜனவரி கடைசின்னு யோசனை.

போட்டு வச்சிருக்க வழி இதுதான். முதல் நாள் நாலு வழிச்சாலையில் நேரா கன்னியாகுமரி. ரெண்டாம் நாள் கூடங்குளம், உவரி, மணப்பாடு வழியா திருச்செந்தூர். மூணாம் நாள் ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஆதிச்சநல்லூர், கிருஷ்ணாபுரம் பார்த்துட்டு பாளைக்கு வந்துடுறது. இடையில மாஞ்சோலை மலையையும் நுழைக்க முடியுமா? தேரிக்காட்டுச் செம்மணல்ல வண்டி ஓட்டணும்னு ரெண்டு பேர் கேட்காங்க. எங்கெல்லாம் சிக்கல் வரும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குறுக்குத்துறை_வாசி

தம்பி, ஊர்த் தேர்வு நல்லாருக்கு. சுத்துற திசைதான் தப்பு. அப்படியே திருப்பிப் போடுங்க: முதல் நாள் திருச்செந்தூர், ரெண்டாம் நாள் கடற்கரையோட தெக்கே கன்னியாகுமரி, மூணாம் நாள் உள்நாட்டு வழியா வடக்கே.

முதல் காரணம், நம்ம பக்கம் பெருமாள் கோயில் எல்லாம் மத்தியானம் 12 மணி வாக்கில் நடை சாத்தி, சாயங்காலம்தான் திறப்பாங்க. உங்க மூணாம் நாளைக் கணக்குப் பாருங்க. பத்து வண்டிக்காரங்க சாப்பிட்டு, பை கட்டி, திருச்செந்தூரை விட்டுக் கிளம்பவே 9 மணி. ஆழ்வார்திருநகரி முடிய பதினொண்ணு. கிருஷ்ணாபுரம் வர்றப்போ கதவு சாத்தியிருக்கும். இந்த டூர்ல எதை விட்டாலும் கிருஷ்ணாபுரத்தை விடக்கூடாது. பாளையிலிருந்து போனா அது முதல் 20 நிமிஷத்துலயே வந்துடும். 8 மணிக்கு உள்ள நிக்கலாம். நாயக்கர் காலத்துச் சிலைகள், இளவரசியைத் தோளில் தூக்கிட்டு ஓடுற குறவன், கர்ணன், அர்ச்சுனன். கை நரம்பும் விரல் நகமும் தனித்தனியா தெரியும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுறப்போ பார்க்கணும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. தட்டினா வெண்கலம் மாதிரி கேட்கும்னு யாராவது தட்டப் போவாங்க. வழிகாட்டி முன்கூட்டியே சொல்லி நிறுத்தணும்.

அடுத்து ஆதிச்சநல்லூர். அது மொட்டைப் பரம்பு, நிழலே கிடையாது, பத்து மணிக்குள்ள முடிச்சிடுங்க. 1876ல ஜாகர்ங்கிற ஜெர்மன்காரர் தோண்டினதுலேர்ந்து, 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ, 2004ல தொல்லியல் துறைன்னு அங்க வேலை நடந்திருக்கு. இப்போ முதுமக்கள் தாழி எடுத்த குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்காங்க, கீழே பார்த்தபடி நிக்கலாம். அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ரெண்டில் ஒண்ணுதான் நேரம் கொடுக்கும். நான் நம்மாழ்வாரின் உறங்காப்புளி மரத்துக்காக ஆழ்வார்திருநகரியைச் சொல்வேன். நவதிருப்பதின்னு சொல்ற ஒன்பது பெருமாள் கோயிலையும் பைக் டூருக்குள்ள அடைக்க நினைக்காதீங்க, அது தனி யாத்திரை. திருச்செந்தூர்ல பகலெல்லாம் நடை திறந்திருக்கும், மதியம் போய்ச் சேர்ந்தாலும் தரிசனத்துக்குக் குறையில்ல. ஆண்கள் சட்டையைக் கழத்தணும்னு வெளிநாட்டுக்காரங்களுக்கு முந்தின ராத்திரியே சொல்லிடுங்க.

இன்னொரு காரணம் கடல். திருச்செந்தூர்லேர்ந்து தெக்கே போனா கடல் இடது கைப்பக்கம். நம்ம ஊர்ல வண்டி ஓடுறதும் இடது பக்கம். படம் எடுக்க, இளநீர் குடிக்க எங்க நிறுத்தினாலும் பத்து வண்டியும் ரோட்டைக் கடக்காம அப்படியே ஒதுங்கிடும். எதிர்த்திசையில வந்தா ஒவ்வொரு தடவையும் பத்து வண்டி பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் குறுக்க வெட்டணும். ஜனவரியில வாடைக்காத்து வடகிழக்கேயிருந்து வரும், அதுவும் முதுகுப் பக்கம்தான் தள்ளும்.

ஒரு குறை உண்டு. முதல் நாள் காலையில தென்கிழக்கே போறதால சூரியன் நேரா முகத்துல அடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியில கீறல் இருந்தா எதிர்ல ஒண்ணும் தெரியாது. கீறல் விழுந்ததை மாத்திடுங்க. கறுப்புக் கண்ணாடி மட்டும் போட்ட ஹெல்மெட்டோட வர்றவங்க சாயங்காலத்துக்கு இன்னொண்ணு வச்சிருக்கணும்.

மூணாம் நாள் கன்னியாகுமரி, காவல்கிணறு, பணகுடி, திருக்குறுங்குடி. காலை 6.30க்குக் கிளம்பினா நம்பி கோயிலுக்கு வேண்டிய நேரம் கிடைக்கும். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர் அது. பைக்காரங்ககிட்ட இதைச் சொன்னா சிற்பத்தைவிட இதுக்குத்தான் தலையைத் தூக்குவாங்க! அப்புறம் நாங்குநேரி வானமாமலை கோயில், அங்கேயே சாப்பாடு, மூலைக்கரைப்பட்டி வழியா கூந்தன்குளம். வரித்தலை வாத்தும் மஞ்சள்மூக்கு நாரையும் சாயங்காலம் குளத்துக்கு இறங்குற நேரம் 4 மணிக்கு மேல. ஊருக்கு வெளியவே இன்ஜினை அணைச்சிட்டு நடந்து போகணும். தீபாவளிக்கே வெடி போடாத ஊர், சைலன்சரைக் கழத்தின வண்டியோட உள்ள போகாதீங்க.

மாஞ்சோலையை மறந்துடுங்க. புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு, வனத்துறை அனுமதி இல்லாம சோதனைச்சாவடி தாண்ட முடியாது. பத்து பைக்கோட அங்க போய் நிக்கிறது வீண்.

செயின்_ஸ்ப்ராக்கெட்

வண்டி விஷயம் மட்டும் சொல்றேன்.

பஞ்சர்தான் முதல் எதிரி, காரணம் சீமைக்கருவேல முள். கிளாசிக் 350ல கம்பி வீல்னா ட்யூப் டயர், அலாய்னா ட்யூப்லெஸ். எத்தனை வண்டி எந்த ரகம்னு முதல்லயே எழுதி வைங்க. ட்யூப்லெஸ்ல முள் ஏறினா அந்த இடத்துலயே பிடுங்காதீங்க. காத்து இறங்கலைன்னா அடுத்த நிறுத்தம் வரை போகலாம், அங்க பிடுங்கி ரப்பர் ஸ்ட்ரிப் வச்சு அடைக்க பத்து நிமிஷம். ட்யூப் டயர் அப்படி இல்ல. முள்ளோட உருட்டினா ஒரு ஓட்டை அஞ்சாகும். உடனே நிறுத்தி முக்கால் மணி நேரம் ஒதுக்கணும். கிளாசிக்குக்கு முன்னால 19, பின்னால 18 இன்ச் ட்யூப். ஹிமாலயனுக்கு 21, 17. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு, டயர் லீவர் மூணு, பேட்டரியில ஓடுற காத்துப் பம்பு ஒண்ணு. ட்யூப் மாட்டுறதுக்கு முன்னால டயரோட உள்பக்கத்தைத் துணியால தடவிப் பாருங்க. ஒடிஞ்ச முள்முனை உள்ளயே நிக்கும், புது ட்யூபை அஞ்சு கிலோமீட்டர்ல குத்திடும். ரெண்டாவது பஞ்சர் பெரும்பாலும் இப்படித்தான் வருது.

கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஃப்யூஸ், பிளக், செயின் லிங்க், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், எம்-சீல். இதெல்லாம் கடைசி வண்டியில இருக்கணும், முதல் வண்டியில இல்ல. நின்ன வண்டியை மெக்கானிக் தாண்டிப் போக மாட்டார். வழிகாட்டி அஞ்சு கிலோமீட்டர் முன்னால போயிருப்பார்.

செயின் ஆட்டத்தை அந்தந்த வண்டிக்குச் சொன்ன அளவுல வைங்க. எண்ணெயை ராத்திரி நிறுத்தினதும் செயின் சூடா இருக்கப்போ போடுங்க, காலையில கிளம்புற நேரத்துல வேண்டாம். போட்டுப் பத்து நிமிஷம் கழிச்சு மேல நிக்கிறதைத் துணியால துடைச்சிடணும். கடற்கரை ரோட்டுல வழிய வழிய எண்ணெய் போட்ட செயின் மணலைப் பிடிச்சு உப்புத்தாள் மாதிரி ஆகி ஸ்ப்ராக்கெட்டை அரைக்கும். ரெண்டாம் நாள் ராத்திரி நல்ல தண்ணி ஊத்தி உப்பைக் கழுவுங்க. வாட்டர் சர்வீஸ்ல கொடுத்தா வீல் பேரிங் பக்கம் நேரா பீச்சக்கூடாதுன்னு சொல்லிடுங்க.

பெட்ரோல் சாயங்காலமே. பத்து வண்டிக்கு பங்கில் 20 நிமிஷம் ஆகும், காலை வெயில் ஏறாத நேரத்தை அதுக்குக் கொடுக்காதீங்க. திருச்செந்தூர்ல நிரப்பினா கன்னியாகுமரி சுமார் 90 கி.மீ.; கிளாசிக்கோட 13 லிட்டருக்கு அது பாதிகூட இல்ல.

வரிசை: பத்தையும் ஒண்ணா ஓட்டாதீங்க. 60 கி.மீ. வேகத்துல ஒரு வினாடிக்கு 17 மீட்டர் ஓடும். இடமும் வலமுமா மாத்தி, பக்கத்து வண்டிக்கு ஒரு வினாடி, நேர் முன் வண்டிக்கு ரெண்டு வினாடி விட்டா பத்து வண்டி 150 மீட்டருக்கு மேல நீளும். திருச்செந்தூர் ரோட்டு பஸ்காரர் அதை ஒரே மூச்சுல தாண்ட முடியாம நடுவுல வந்து செருகுவார், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அஞ்சு அஞ்சா பிரிச்சு நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க. திருப்பம் வந்தா வழிகாட்டிக்குப் பின்னால வர்ற வண்டி அங்கயே நின்னு கை காட்டணும், மெக்கானிக் வண்டி வந்த பிறகுதான் கிளம்பணும். போன் சிக்னலையும் மேப்பையும் நம்பி ஓட்டுறதைவிட இது மேல்.

பாளை_புல்லட்

அண்ணாச்சி ரெண்டு பேருக்கும் நன்றி. திசையை மாத்திட்டேன். தேரிக்காடு பத்தியும், மணப்பாடு பக்கம் ரோடு எப்படின்னும் யாராவது சொல்லுங்க. மாசத்தை மாத்தணுமா?

உவரி_அலை

மாசத்துலேர்ந்து வர்றேன். ஜனவரி கடைசின்னா தைப்பூசம் எந்தத் தேதின்னு முதல்ல காலண்டரைப் பாருங்க. அதுக்கு முந்தின ஒரு வாரம் திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், அதுவும் விடியக்காலையிலயும் ராத்திரியிலயும் இடது ஓரமா நடப்பாங்க. லாட்ஜும் கிடைக்காது. பூசம் கழிஞ்சு மாசித் திருவிழாக் கொடியேறுறதுக்கு முன்னால இருக்கிற இடைவெளிதான் நல்லது. ஆனா பிப்ரவரி பாதிக்கு மேல பிசானப் பருவ நெல் அறுப்பு நடக்கும். அறுத்த நெல்லை ரோட்டு மேலயே காயப்போட்டு ஓரத்துல கல் அடுக்கியிருப்பாங்க, வைக்கோலும் கிடக்கும். வைக்கோல் மேல பிரேக் அடிச்சா வண்டி வழுக்கும்; காயப்போட்ட நெல் மேல ஏத்தவும் கூடாது, அது ஒருத்தர் வீட்டுச் சோறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து காவல்கிணறு, பணகுடி பக்கம் வண்டியைப் பக்கவாட்டுல தள்ளும். லாரியைத் தாண்டுறப்போ அதோட மறைவுல காத்து நின்னு, தாண்டினதும் பட்டுனு அடிக்கும், புதுசா ஓட்டுறவங்க அங்கதான் தடுமாறுவாங்க. காத்தாலை இவ்வளவு அங்க நிக்கிறது சும்மாவா?

மணப்பாட்டுல குன்று மேல திருச்சிலுவைக் கோயில், 1581ல கட்டினது. 1542ல இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கின குகை கீழே கடலோரமா இருக்கு. காத்து மணலைத் தார் ரோட்டுல தள்ளி வச்சிருக்கும். மணலைப் பார்த்ததும் முன் பிரேக்கைத் தொடாதீங்க, மணலுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைச்சு, ஹேண்டிலைத் திருப்பாம ஒரே சீரா கடந்துடணும். நிறுத்துறப்போ சைட் ஸ்டாண்ட் மணலுக்குள்ள இறங்கும். முதல்ல நேரா நிக்கிற மாதிரிதான் இருக்கும், அஞ்சு நிமிஷத்துல ஒண்ணு சாய்ஞ்சு பக்கத்து வண்டியையும் இழுத்துட்டு விழும். வழியில கிடக்கிற பனைமட்டையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு ஒடிச்சு ஸ்டாண்டுக்குக் கீழ வைங்க, போதும். காய்ற வலை மேல சக்கரம் ஏத்தாதீங்க. ஞாயித்துக்கிழமை காலை பூசை நேரத்துல கோயில் முன்னால பத்து வண்டி நிக்கிறது நல்லாருக்காது.

தேரி மணல் சிவப்பா இருக்கிறது ஒவ்வொரு மணலையும் இரும்புத் துரு பூசினதால. மாவு மாதிரி இருக்கும், 190 கிலோ வண்டி ரெண்டு அடி போனதும் பின் சக்கரம் புதையும், கிளட்ச் கருகும், ஏர் ஃபில்டர்ல புழுதி ஏறும். காட்டுக்குள்ள ஓட்ட அனுமதியும் கிடையாது. காயாமொழி பக்கம் தார் ரோட்டுலயே நிறுத்தி நடந்து ஏறிப் பார்க்கட்டும். உடன்குடியில கருப்பட்டி வாங்குறவங்க துணிப்பையில கட்டி பைக்குள்ள மேலாக வைக்கணும், சைலன்சர் பக்கத்துப் பையில வச்சா இளகி எல்லாத் துணியிலயும் ஒட்டும்.

உவரியில கப்பல் மாதா கோயில் பார்த்துட்டு, நேரம் இருந்தா இடையன்குடிக்கு ஒதுங்குங்க. கால்டுவெல் 1841லேர்ந்து இருந்த ஊர், அவர் கட்டின கோயில் இருக்கு. ட்ரோன் கொண்டு வர்றவங்க குலசேகரப்பட்டினம், கூடங்குளம் ரெண்டு இடத்துலயும் பையிலேர்ந்து எடுக்கவே கூடாது. ஒண்ணு ராக்கெட் ஏவுதளம் கட்டுற இடம், இன்னொண்ணு அணுமின் நிலையம். விஜயநாராயணத்துல கடற்படை நிலையம் இருக்கு, மூணாம் நாளுக்கும் அதே பேச்சுதான்.

கறுப்பு_பலகை

ஒண்ணு விட்டுப்போச்சு. வாடகை வண்டின்னா கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளைப் பலகை வண்டியைக் காசு வாங்கிட்டுக் கொடுத்தா, விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கைவிரிச்சிடும். டூர் நடத்துற உங்க தலையிலதான் விழும். வெளிநாட்டுக்காரங்களோட சர்வதேச உரிமத்துல மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' பிரிவுல முத்திரை இருக்கான்னு பாருங்க. கார் பிரிவு மட்டும் வச்சிட்டு வர்றவங்க நிறைய. அவங்க தங்குற லாட்ஜ், வெளிநாட்டுக்காரங்க வந்திருக்கிற விவரத்தை 24 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துல பதியணும். திருச்செந்தூர்ல சின்ன லாட்ஜ்கள் அதுக்காகவே ரூம் இல்லம்பாங்க, அதனால ரூம் போடுறப்போவே "வெளிநாட்டு பாஸ்போர்ட் ரெண்டு"ன்னு சொல்லி உறுதி வாங்கிடுங்க. பூட்ஸோட வர்ற எல்லாரும் ஒரு ரப்பர் செருப்பு பைக்கு வெளியே கட்டிக்கட்டும். ஒரு நாளைக்கு மூணு கோயில்னா பூட்ஸ் கழத்தி மாட்டவே ஒரு மணி நேரம் போயிடும்.

பாளை_புல்லட்

தைப்பூசம் முடிஞ்ச மறுவாரம்னு தேதியை மாத்திட்டேன். அலாய் வீல் வண்டி ஆறு, கம்பி வீல் நாலு. பனைமட்டை பத்துத் துண்டு இங்கேயே வெட்டி வச்சாச்சு, உவரி அக்கா.